ஓராண்டுக் கூலி எழுத்தும் தமிழ்99 விசைப்பலகையும்

எழுத்தை மட்டுமே நம்பி வாழ்பவருக்கு மாதச் சம்பளம் என்று ஒன்றில்லை. ஒரு நாளில் எத்தனை பக்கம் முடிகிறதோ அதுவே அந்த நாளின் வருமானம். சென்ற பொங்கலுக்குப் பின் தொடங்கி இந்தப் பொங்கல் வரை ஃப்ரீலான்ஸ் எழுத்தாளராக நான் ஏற்றுக்கொண்ட வேலைகளைத் திரும்பிப் பார்த்தால், ஒன்றுக்கொன்று ஒட்டாத பலவும் அவற்றுள் இருக்கின்றன: தொண்டு நிறுவனங்களின் அறிக்கைகளைத் தமிழாக்குதல், ஒரு நாவல் மொழிபெயர்ப்பு, ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் ஜவுளிக் கடைகளுக்கான விளம்பர வாசகங்கள், ஒரு தொழில் குடும்பத்துப் பெரியவரின் வாழ்க்கை வரலாற்றை அவர் பெயரிலேயே எழுதித் தருதல், இயந்திரம் மொழிபெயர்த்த பக்கங்களைச் செப்பனிடுதல். இவை அனைத்துக்கும் பொதுவாக இருந்த கருவி தமிழ்99 விசைப்பலகை ஒன்றுதான். எந்த மடிக்கணினி, எந்தச் செயலி, எந்தச் செயற்கை நுண்ணறிவு என்று கேட்கும் நண்பர்கள் உண்டே தவிர, எந்த முறையில் தட்டச்சு செய்கிறாய் என்று கேட்பவர் அரிது. வருமானத்தைத் தீர்மானித்ததில் அந்தக் கேள்விக்குத்தான் முதலிடம் என்பது என் கருத்து. ஆகவே ஓராண்டு முழுவதும் தொழில்முறையில் பயன்படுத்திய ஒருவரின் மதிப்புரையாக இதை எழுதுகிறேன். குரல்வழித் தட்டச்சையும் ஆங்கில எழுத்துவழித் தட்டச்சையும் ஒப்பீட்டுக்காக உடன் வைத்துக்கொள்கிறேன்.

தமிழ்99 என்பது கடையில் வாங்கும் பொருள் அன்று. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டின் பயனாகப் பிறந்து, தமிழக அரசால் தரப்படுத்தப்பட்ட விசை அமைப்பு அது. அதற்கு முன்பு எழுத்துருவுக்கு எழுத்துரு விசை மாறியது. தட்டச்சுப் பயிலகத்தில் லோயர், ஹையர் தேர்வுகளை முடித்தவர்கள் பழைய தட்டச்சுப் பொறியின் அமைப்பைக் கணினியிலும் எதிர்பார்த்தார்கள். அச்சகத்தினர் பாமினி என்ற பழைய எழுத்துருவின் விசை அமைப்புக்குப் பழகியிருந்தார்கள். வெளிநாடுகளில் மின்னஞ்சல் எழுதத் தொடங்கியவர்கள் ஆங்கில ஒலிப்பை வைத்துத் தமிழை வரவழைத்தார்கள். இன்று தமிழ்99 கிடைக்காத இடம் இல்லை. என்எச்எம் ரைட்டர், இகலப்பை போன்ற இலவச மென்பொருள்களில் இருக்கிறது. விண்டோஸ் 10இன் பிற்காலப் பதிப்புகளிலிருந்து அந்த இயங்குதளத்திலேயே இருக்கிறது. மேக் கணினிகளிலும் இருக்கிறது. கைப்பேசிக்குச் செல்லினம் என்ற செயலி இருக்கிறது. விலை ஒன்றும் இல்லை. தமிழ் எழுத்து பொறித்த விசைப்பலகையும் தேவையில்லை. சென்னை ரிச்சி தெருவில் விசைகளின் மேல் ஒட்டுவதற்கான ஸ்டிக்கர் கிடைக்கும். ஆனால் அதை ஒட்டிப் பழகுபவர்களுக்கு விசையைப் பார்க்கும் பழக்கம் போவதே இல்லை என்பதால், ஒட்டாமல் பழகுவதையே நான் பரிந்துரைப்பேன்.

அமைப்பு எளிது. உயிரெழுத்துகள் எல்லாம் இடக்கைப் பக்கம். வ, ங இரண்டைத் தவிர மெய்கள் எல்லாம் வலக்கைப் பக்கம். இடக்கையின் நடு வரிசையில் அ, இ, உ, எ என்று குறில்கள் அமர்ந்திருக்க, அவற்றுக்கு நேர் மேலே ஆ, ஈ, ஊ, ஏ என்று நெடில்கள் வருகின்றன. மெய்யெழுத்தை அழுத்தினால் அகரமேறிய எழுத்து வரும். அதன்பின் உயிரை அழுத்தினால் உயிர்மெய்யாக மாறும். அதாவது, சிறு வயதில் உயிரும் மெய்யும் சேர்ந்து உயிர்மெய் ஆகும் என்று படித்தோமே, அதே கணக்கு. இதனினும் அழகானது, புள்ளி தானாக விழும் ஏற்பாடு. ஒரே மெய்யை இருமுறை அழுத்தினால் முதலாவதற்குப் புள்ளி விழுந்துவிடும். "அம்மா" என்று எழுத அ, ம, ம, ஆ என நான்கு விசைகள் போதும். ங-வுக்குப் பின் க, ஞ-வுக்குப் பின் ச, ண-வுக்குப் பின் ட, ந-வுக்குப் பின் த, ம-வுக்குப் பின் ப, ன-வுக்குப் பின் ற என்று இன எழுத்துகள் அடுத்தடுத்து வரும்போதும் மெல்லினத்துக்குப் புள்ளி தானே வரும். "வந்துவிட்டேன்" என்ற சொல்லில் மூன்று இடங்களில் புள்ளி இருக்கிறது. நாமாகப் புள்ளி வைப்பது கடைசி ன் ஒன்றுக்கு மட்டுமே. தமிழில் சொற்களுக்குள் மெய் எப்படி மயங்கும் என்பதைத் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து யோசித்த அமைப்பு இது என்பது, நீண்ட உரைநடையை அடிக்கும்போதுதான் முழுதாக விளங்கும்.

தானாகப் புள்ளி விழக் கூடாத இடங்களும் உண்டு. "மனனம்" என்று அடிக்கப் போனால் "மன்னம்" என்று வரும். "ததும்பும்", "தத்துவம்", "பப்பாளி", "சச்சரவு" எல்லாம் இந்த வகைச் சொற்கள். மொழிபெயர்த்த நாவலில் "அவனறியாமல்", "நானறிந்தவரை" என்று புணர்ந்த சொற்கள் அடிக்கடி வந்தன. ன-வை அடுத்து ற வந்ததும் மென்பொருள் அதை இனமாக நினைத்து "அவன்றியாமல்" என்று காட்டியது. இதற்கும் வழி வைத்திருக்கிறார்கள்: இரண்டு மெய்களுக்கும் இடையில் அ விசையை ஒருமுறை அழுத்திவிட்டால் புள்ளி விழாது. பயிற்சிக் குறிப்புகளில் கடைசியில் எங்கோ இருக்கும் இந்த விதியை முதல் நாளிலேயே கற்றுக்கொள்வது நல்லது. பலர் இது தெரியாமல் இடைவெளி விட்டு அடித்துப் பின் இடைவெளியை அழித்துக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். பழகிய பின் இடக்கைச் சிறுவிரல் அந்த இடங்களில் தானாகவே அ-வைத் தட்டிவிடுகிறது.

ஆங்கில எழுத்துவழித் தட்டச்சைப் பற்றி நான் கடுமையாகப் பேச மாட்டேன். முகநூலில் நாலு வரி எழுதவும் மின்னஞ்சலுக்குப் பதில் போடவும் அது போதும். கற்க நேரம் வேண்டியதில்லை என்பது அதன் பெரிய பலம். ஆனால் நாள் முழுவதும் எழுதுபவருக்கு அதில் இரண்டு தொல்லைகள். அஞ்சல் என்று பெயர் பெற்ற தட்டச்சு முறை போன்றவற்றில் ண, ள, ற எல்லாம் ஷிஃப்ட்டை அழுத்தி வர வேண்டியவை. நெடில் உயிர்களுக்கும் அப்படியே, இல்லாவிட்டால் குறிலை இருமுறை அடிக்க வேண்டும். அகரத்துக்கும் தனியே ஒரு விசை செலவாகிறது. தமிழ்ச் சொற்களில் அகரம் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் இந்தச் செலவு சிறிதன்று என்பது புரியும். கூகுளின் முறையைப் போல ஊகித்துச் சொல்லைத் தரும் வகையில் ஷிஃப்ட் தொல்லை இல்லை என்றாலும், அது தரும் சொற்பட்டியலைக் கண் ஒவ்வொரு முறையும் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. வட்டார வழக்கோ பழஞ்சொல்லோ வந்தால் பட்டியலில் வேண்டியது இருப்பதில்லை. போதாக்குறைக்கு, கணினியில் நிறுவிக்கொள்ளும் அதன் தனிப் பதிப்பைக் கூகுள் நிறுத்தியே விட்டது. நிறுவனம் ஒன்று நாளை விலக்கிக்கொள்ளக்கூடிய கருவியின் மேல் தொழிலை வைப்பதற்கும், அரசுத் தரமாகப் பல மென்பொருள்களில் இருக்கும் அமைப்பின் மேல் வைப்பதற்கும் வேறுபாடு உண்டு.

இந்த ஆண்டின் பெரும் பகுதி மொழிபெயர்ப்பில் போயிற்று என்பதால் அதைக் கொண்டே வேகத்தை அளந்தேன். மூலத்தை இடப்பக்கம் திறந்து வைத்து, கண்ணை அங்கேயே நிறுத்தி, கை தானாகத் தமிழில் ஓடும் நிலை தமிழ்99இல்தான் எனக்கு வாய்த்தது. ஆங்கில எழுத்துவழி அடிக்கும்போது கண் ஆங்கில மூலத்தைப் படிக்க, விரல் வேறொரு ஆங்கில எழுத்துக்கோவையை அடிக்க, மனம் மூன்றாவதாகத் தமிழ் வாக்கியத்தைக் கட்ட வேண்டியிருந்தது. மாலைக்குள் களைப்பு வந்துவிடும். தமிழ்99இல் அந்த நடுப்படி இல்லை. இதில் காசு எப்படிக் கூடும் என்று கேட்டால், தொண்டு நிறுவன அறிக்கைகளுக்குப் பெரும்பாலும் சொற்கணக்கில்தான் கூலி. அதுவும் ஆங்கில மூலத்தின் சொற்கணக்கா, தமிழாக்கத்தின் சொற்கணக்கா என்பதை வேலை தொடங்கும் முன்பே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும், ஏனெனில் வேற்றுமை உருபும் துணைவினையும் ஒட்டி ஒட்டி ஒரே சொல்லாகும் தமிழில் எண்ணிக்கை பெரும்பாலும் மூலத்தைவிடக் குறைந்துதான் வரும். "வந்துகொண்டிருந்தவர்களுக்காகவும்" என்பது கணினியின் கணக்கில் ஒற்றைச் சொல். இது விசைப்பலகையைப் பற்றிய குறிப்பன்று என்றாலும், வேகமாக அடிக்கத் தெரிந்தவர் தவறான கணக்கில் கூலி பேசிவிட்டால் அந்த வேகத்தால் அவருக்குப் பயன் குறைவு.

இனி குறைகள். முதலாவதும் பெரியதும் வலக்கைச் சிறுவிரலைப் பற்றியது. ஆங்கில விசைப்பலகையில் அந்த விரலுக்கு உரிய இடங்களில் பாதிக்கு மேல் நிறுத்தக்குறிகள்தான். அடிக்கடி அழுத்த வேண்டியதில்லை. தமிழ்99 அந்த விரலின் பொறுப்பில் ண, ச, ஞ, ந, ய, ழ என்று ஆறு மெய்களை வைத்திருக்கிறது. ஞ-வையும் ழ-வையும் விட்டுவிடலாம், வருவது குறைவு. ச, ந, ய மூன்றும் அப்படியன்று. "செய்ய", "நினைச்சு", "இசைய", "நயந்து" என்று எங்கும் நிறைந்திருப்பவை. கூடவே, மெய்யோடு சேரும் அகரத்துக்குத் தனியே விசை அழுத்த வேண்டியதில்லை என்பதால் இடக்கைக்கு வேலை குறைகிறது. உயிர்களை ஒரு கையிலும் மெய்களை மறு கையிலும் வைத்து இரண்டு கைகளும் மாறி மாறி இயங்கும்படி செய்ததாகச் சொல்லப்படும் ஏற்பாடு, "பயணம்", "நகரம்", "கடல்" போன்ற சொற்களில் வலக்கையையே நாடுகிறது. கடைசிப் புள்ளிக்கு மட்டும் இடக்கை வருகிறது. நாவல் மொழிபெயர்ப்பின் நடுவில், மாலை வேளைகளில் என் வலக்கையின் வெளிப்பக்கம் சிறுவிரலிலிருந்து மணிக்கட்டு வரை இழுத்துப் பிடித்தது. விசைப்பலகையைச் சற்று இடப்புறம் நகர்த்தி வைத்ததும், மடிக்கணினியின் தட்டையான விசைகளை விட்டுத் தனி விசைப்பலகைக்கு மாறியதும் பெருமளவு குணம் தந்தன. மூன்று மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து எழுதுபவர் எவரும் தனி விசைப்பலகை வாங்குவதைச் செலவாக நினைக்கக் கூடாது.

இரண்டாவது குறை விளம்பர வேலையில் வெளிப்பட்டது. ஆடி மாதத்து ஜவுளி விளம்பரத்தில் தூய தமிழுக்கு இடம் குறைவு. "ஜீன்ஸ்", "ஷர்ட்", "ஸ்ட்ரெச்", "ஆஃபர்" என்றே வாடிக்கையாளர் கேட்பார். கடைக்கு வருகிறவரும் அப்படித்தான் படிக்கிறார். ஸ, ஷ, ஜ, ஹ எல்லாம் ஷிஃப்ட்டுடன் வர வேண்டியவை. தானாகப் புள்ளி விழும் ஏற்பாடு தமிழ்ச் சொல்லமைப்புக்கு உரியது என்பதால் இத்தகைய சொற்களில் அது உதவுவதில்லை. "ஸ்ட்ரெச்" என்ற சிறு சொல்லில் மூன்று இடத்தில் புள்ளியை நாமே வைக்க வேண்டும். உரைநடையில் பாயும் கை இங்கே ஊரத் தொடங்குகிறது. விளம்பர வாசகம் என்பது நாளெல்லாம் யோசித்து நாலு வரி எழுதும் வேலை என்பதால் இதனால் நட்டம் இல்லை. ஆனால் தொழில்நுட்பக் கையேடுகளை மட்டும் மொழிபெயர்ப்பவர் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும். மேற்கோள் குறி, அரைப்புள்ளி ஆகியவற்றின் வழக்கமான இடங்களை ந-வும் ய-வும் பிடித்துக்கொண்டிருப்பதால் அவற்றைத் தேடும் சிறு எரிச்சலும் உண்டு. உரையாடல் மிகுந்த நாவலில் அந்தச் சிறு எரிச்சல் சற்றே பெரிதாகும்.

குரல்வழித் தட்டச்சு இருக்கும்போது விரலை ஏன் வருத்த வேண்டும் என்ற கேள்விக்கு, வாழ்க்கை வரலாற்று வேலை விடை தந்தது. 2017 ஆகஸ்டில் கூகுள் தன் குரல்வழித் தட்டச்சில் தமிழையும் சேர்த்தது முதல், பேசினால் எழுத்தாகும் என்பது இங்கே பலருக்கும் பழகிய செய்தி. பெரியவர் தம் கதையைக் கொங்கு வழக்கில் நிறுத்தி நிதானமாகச் சொல்லியிருந்தார். ஒலிப்பதிவு மணிக்கணக்கில் இருந்தது. பதிவை நேராக ஒலிபெருக்கியில் ஓடவிட்டு எழுத்தாக்கினால் வருவது குப்பை. மின்விசிறிச் சத்தமும் இடையே ஓடும் டம்ளர் ஓசையும் சேர்ந்து பாதி வாக்கியத்தை விழுங்கிவிடும். பயன்பட்ட வழி வேறு: காதில் ஹெட்ஃபோன் மாட்டி அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டே, நானே அதைத் தெளிவாகத் திருப்பிச் சொல்லிக் கணினிக்குக் கொடுத்தேன். இப்படிச் செய்தால் முதல் வரைவு உண்மையிலேயே விரைவாகக் கிடைக்கிறது. அடிக்கும் வேகத்தைவிடப் பேசும் வேகம் அதிகம் என்பதில் ஐயமில்லை. முதுகுக்கும் விரலுக்கும் ஓய்வும் கிடைக்கிறது.

ஆனால் அந்த வரைவைப் பக்கமாக்கும் வேலைதான் உழைப்பு. நான் பயன்படுத்தியவரை தமிழில் நிறுத்தக்குறிகள் வந்து விழுவதில்லை. முற்றுப்புள்ளி இல்லாத ஒற்றைப் பெருவாக்கியமாகப் பக்கம் நீள்கிறது. "அரை"யும் "அறை"யும், "பணி"யும் "பனி"யும் இடம் மாறுகின்றன. பெரும்பாலும் சூழலைப் பார்த்துச் சரியாகவே தேர்ந்தெடுக்கிறது என்றாலும், மாறும் சில இடங்களைக் கண்டுபிடிக்க எல்லா இடங்களையும் படித்தாக வேண்டும். வல்லினம் மிகும் இடங்கள் அதற்குத் தெரியாது. "அதைப் பார்த்தார்", "கோவைக்குப் போனார்" என்று நாம் சொன்னாலும் ஒற்றை விட்டுவிட்டு எழுதுகிறது. ஒரு பக்கத்தில் இத்தகைய இடங்கள் வரிக்கு ஒன்றாவது வரும். எனக்கு எல்லாவற்றையும்விட வருத்தம் தந்தது, பெரியவருடைய "வாங்கோ", "போச்சுங்க" எல்லாவற்றையும் அது தனக்குத் தெரிந்த பொதுத் தமிழாகத் தட்டிச் சமன் செய்தது. அவர் குடும்பத்தார் பணம் கொடுத்தது அந்தக் குரலுக்குத்தான். ஆகவே உரையாடல் பகுதிகள் அனைத்தையும் தமிழ்99இல் கையாலேயே அடித்தேன். தேதிகளும் ஊர்களும் தொழில் விவரங்களும் நிறைந்த விவரிப்புப் பகுதிகளுக்கு மட்டும் குரலைப் பயன்படுத்தினேன். இந்தப் பங்கீடு நன்றாகவே வேலை செய்தது.

இங்கேதான் தமிழ்99இன் மூன்றாவது குறையும் வருகிறது. குரல்வழி வரைவைத் திருத்தும்போதும் இயந்திர மொழிபெயர்ப்பைச் செப்பனிடும்போதும் அது நாள்தோறும் எதிர்ப்பட்டது. புதிதாக எழுதுவதற்குச் சிறந்த இந்த அமைப்பு, எழுதியதைத் திருத்துவதற்கு அவ்வளவு வசதியானதன்று. "க" என்று இருக்கும் எழுத்தைக் "கி" ஆக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சுட்டியை அதன் பின்னால் கொண்டுபோய் இ-யை அழுத்தினால், சில மென்பொருள்களில் "கி" வராது. "கஇ" என்று தனி உயிர் வந்து நிற்கும். சுட்டி நகர்ந்ததும் முன்னால் என்ன எழுத்து இருந்தது என்பதை மென்பொருள் மறந்துவிடுவதே காரணம். ஆகவே க-வை அழித்துவிட்டு இரண்டையும் புதிதாக அடிக்க வேண்டும். அழிப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு: பின்னழிப்பு விசையை ஒருமுறை அழுத்தினால் "கொ"வின் உயிர்க்குறி மட்டும் போய்க் "க" எஞ்சும், டெலீட் விசையோ பெரும்பாலும் எழுத்தையே முழுதாக எடுத்துவிடும். ஒற்று சேர்ப்பது மட்டும் எளிது. சொல்லின் கடைசியில் போய் மெய்யையும் புள்ளியையும் தட்டினால் போதும். விண்டோஸிலேயே உள்ள அமைப்பும் தனியே நிறுவும் மென்பொருள்களும் இந்த விஷயத்தில் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை என்பதால், திருத்தும் வேலை அதிகம் உள்ளவர்கள் இரண்டு மூன்றை நிறுவி இந்தக் "கஇ" சோதனையைச் செய்து பார்த்துத் தேர்ந்தெடுப்பது நல்லது.

நவம்பர், டிசம்பர் மாதங்கள் பதிப்பகங்களுக்கு உரியவை. நந்தனத்தில் புத்தகக் காட்சி தொடங்குவதற்குள் எல்லா நூல்களும் வெளிவந்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், மற்ற மாதங்களில் தொலைபேசியை எடுக்காதவர்களும் தாமாகவே அழைப்பார்கள். 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை (யூனிகோடை) ஏற்ற பின்பும், பக்க வடிவமைப்புச் செய்யும் சிலர் பழைய எழுத்துருக்களையும் பேஜ்மேக்கரையும் விட்டபாடில்லை. ஒருங்குறியில் கொடுத்த கோப்பைத் தங்கள் எழுத்துருவுக்கு மாற்றிக்கொண்டு, மெய்ப்புத் திருத்தத்துக்கு அதை அச்சிட்டுத் திருப்பி அனுப்புவார்கள். மாற்றத்தில் ஆங்கிலச் சொற்கள் இருந்த இடமெல்லாம் புரியாத தமிழெழுத்துக் குவியலாகியிருக்கும். தமிழ்99இல் அடித்தாலும் பாமினியில் அடித்தாலும் இந்தச் சிக்கலிலிருந்து எழுத்தாளர் தப்ப முடியாது. ஆனால் மூலக் கோப்பு ஒருங்குறியில் நம்மிடம் பத்திரமாக இருந்தால், அடுத்த பதிப்புக்கோ மின்னூலுக்கோ யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளின் புதிய பதிப்புகளில் இந்திய மொழிகளையும் கையாளும் தொகுப்பியை (கம்போசர்) தேர்வு செய்தால் ஒருங்குறித் தமிழ் சரியாகவே வருகிறது என்பதை வடிவமைப்பாளர்களிடம் நாமே எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

துணைக் கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நீச்சல்காரன் என்ற நிரலாளர் உருவாக்கிய வாணி எழுத்துப்பிழை திருத்தியும் நாவி சந்திப்பிழை திருத்தியும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. குரல்வழி வரைவில் விட்டுப்போன ஒற்றுகளைச் சுட்டிக்காட்ட நாவி நன்கு உதவியது, அது சொல்வதை எல்லாம் அப்படியே ஏற்காமல் இடம் பார்த்து ஏற்றால். அச்சுப் பக்கங்களைப் படமெடுத்து எழுத்தாக்கக் கூகுள் டிரைவ் போதும்; நல்ல அச்சில் பிழை குறைவு. கைப்பேசியில் நீண்ட எழுத்து எனக்கு ஒத்துவரவில்லை.

மொத்தத்தில், ஐந்துக்கு நான்கு நட்சத்திரங்கள் கொடுப்பேன். குறைத்த ஒன்று சிறுவிரலுக்கும் திருத்தும் தொல்லைக்கும். கதை, கட்டுரை, மொழிபெயர்ப்பு என்று தொடர்ந்து உரைநடை எழுதுகிறவருக்கு இதைவிட ஏற்றது இப்போது வேறில்லை. தட்டச்சுப் பயிலகத்தில் ஹையர் வரை முடித்து, பழைய அமைப்பிலேயே கண்மூடி அடிக்கத் தெரிந்தவர் மாற வேண்டிய அவசியம் இல்லை. அந்த அமைப்பும் ஒருங்குறியில் கிடைக்கிறது, அவருடைய வேகத்தைத் தமிழ்99இல் எட்டச் சில மாதங்கள் ஆகும். ஆங்கில எழுத்துவழி அடித்துப் பழகியவர் மாறலாம், ஆனால் காலம் பார்த்து மாற வேண்டும். முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு வேகம் பாதிக்குமேல் விழும். பழைய பழக்கம் குறுக்கே வந்து எல்லா இடத்திலும் தடுக்கும். கெடு வைத்த வேலை கையில் இருக்கும்போது தொடங்கினால் இரண்டாம் நாளே பழைய முறைக்குத் திரும்பிவிடுவோம். புத்தகக் காட்சி முடிந்து, பதிப்பகங்கள் விற்பனைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும் பொங்கலுக்குப் பிந்தைய வாரங்களில் எப்படியும் புதிய வேலை வராது. அந்த நாட்களில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கி, முதலில் நடு வரிசையில் உள்ள க, ப, ம, த ஆகிய மெய்களையும் குறில்களையும் மட்டும் வைத்துச் சொற்களை அடித்துப் பழகி, பிறகு மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் போகலாம். ஆண்டு நிதியைச் செலவழித்து முடிக்கத் தொண்டு நிறுவனங்கள் அறிக்கைகளை அனுப்பத் தொடங்கும் மார்ச் மாதத்துக்குள் கை பழகிவிடும்.